கத்தி படாத கறி

என் வீட்டுக்காரருக்கு வேலை செய்த இடத்தில் உப்பும் மிளகும் மட்டும்தான் சொந்தம். முப்பத்தோரு வருஷம் ஒரே ஹோட்டலில், ஒரே அடுப்புக்கு முன்னால் நின்று ஸ்டேக் சுட்டார். மாட்டிறைச்சித் துண்டை எடுக்க வேண்டியது, உப்பும் மிளகும் தூவ வேண்டியது, கம்பி அடுப்பில் போட்டுத் திருப்ப வேண்டியது, விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்து இறக்க வேண்டியது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு பூண்டுப் பல்லைக்கூட அவர் இஷ்டத்துக்குப் போட முடியாது. சாஸ் வைக்க ஒரு ஆள், காய் வேகவைக்க ஒரு ஆள், தட்டில் அழகாக அடுக்க ஒரு ஆள். எல்லாருக்கும் மேலே செஃப். அங்கே இவருக்கு 'கிரில் அண்ணன்' என்று பெயர். வயதில் மூத்தவர் என்பதால் அந்த அண்ணன். மற்றபடி பெரிய மரியாதை என்று ஒன்றும் கிடையாது.

அவர் பெருமையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் என் தப்பைச் சொல்லாமல் அவர் பெருமையைச் சொல்ல வழியில்லை. அதனால் முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வாய்ப்பு வந்தது. அதைக் கெடுத்தவள் நான்தான். கெடுத்தது கையால் அல்ல, வாயால்.

பத்தொன்பது வயதில் அந்த ஹோட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தவர். பிறகு உருளைக்கிழங்கு உரிக்கப் போட்டார்கள். ஒரு நாள் கிரில்காரர் கையைச் சுட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட, இரண்டு நாளைக்கு மட்டும் பார்த்துக்கொள் என்று இவரைக் கொண்டுபோய் அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள் மறந்துவிட்டார்கள். இவர் நின்றுகொண்டே இருந்தார். எங்களுக்குக் கல்யாணமான வருஷம் அது. அடுப்பு அனல் பட்டுப் பட்டு, முன்னங்கை இரண்டிலும் ஒரு முடி இருக்காது. கல்யாணத்தன்று நான் முதலில் பார்த்தது அந்தக் கைகளைத்தான்.

பெரிய பார்ட்டி என்றால் ஹோட்டலில் பத்துத் துண்டு கூடுதலாகவே சுட்டு வைப்பார்கள். வருகிறேன் என்றவர்கள் வராமல் போனால் அது அப்படியே தட்டில் கிடக்கும். சில சமயம் ஆர்டர் மேஜை மாறிப் போய், போன வேகத்தில் திரும்பி வரும். ஒரு முறை ஆறிப்போன ஸ்டேக்கை மறுபடி யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது அங்கே கட்டளை. எடுத்துக்கொண்டு போ என்று அப்போதிருந்த செஃப் வாய்வார்த்தையாகச் சொன்னார். இவர் அதிலும் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். மேஜைக்குப் போய் வந்த துண்டில் கத்தியின் கீறல் ஒரு நகக்கண் அளவு இருந்தாலும் குப்பைக்குத்தான் போகும். துண்டு முழுசாக இருக்க வேண்டும், எந்த மேஜையிலும் ஒரு கத்தியும் அதைத் தொட்டிருக்கக் கூடாது. 'கத்தி படாதது' என்பார் அதை. தங்கத்துக்கு முத்திரை வைக்கிற மாதிரி ஒரு குரலில் சொல்வார்.

கல்யாணமான முதல் வாரம், அப்படி இரண்டு துண்டை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டது இதுதான்: "யாரு தின்ன எச்சில் இது?"

அவர் முகம் விழுந்துவிட்டது. அதுவரை என்னோடு முழுசாக நாலு வாக்கியம் பேசியிராத மனுஷன், ஒரு பழைய காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஹோட்டல் சமையலறையையே படமாக வரைந்தார். இது அடுப்பு, இது தட்டு வைக்கிற இடம், இது கதவு, இதற்கு அந்தப் பக்கம்தான் சாப்பிடுகிறவர்கள், இந்தக் கறி இந்தக் கதவைத் தாண்டவே இல்லை. அரை மணி நேரம் விளக்கினார். மிச்சம் வேறு, எச்சில் வேறு என்பது எனக்குத் தெரியாதா என்ன? இந்த ஆள் இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் சிரித்தார்.

அப்புறம் அடுப்பைப் பற்ற வைத்தார். ஐந்து பெரிய வெங்காயத்தை மெலிதாக நறுக்கி, சின்னத் தீயில் ஒரு மணி நேரம் வதக்கினார். வெங்காயம் பழுப்பாகி, குழைந்து, தன்னாலே இனிக்கத் தொடங்கியதும் ஒரு சொட்டு வினிகர் விட்டார். அடுப்பை அணைத்தார். அணைத்த பிறகுதான் கறியைத் தொட்டார். ஜில்லென்று இருந்த துண்டை நாருக்குக் குறுக்கே, காகிதம் போல அரிந்து, வெங்காயத்தின் மேல் பரப்பி மூடி போட்டார். நாலு நிமிஷம். திறந்தபோது கறி சூடாக இருந்தது, ஆனால் உள்ளே அந்த இளஞ்சிவப்பு மாறவில்லை. நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு, "எச்சிலா இருந்தாலும் ருசியாத்தான் இருக்கு" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. அவரும் சிரித்தார், அதனால் அது எங்கள் வீட்டுத் தமாஷ் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை அவருக்கு விடுமுறை. ஞாயிறு பார்ட்டியில் மிஞ்சியது டப்பாவில் வரும். திங்கள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போதே அவர் குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, புத்தகம் படிக்கிற மாதிரி அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் செருப்பை மாட்டிக்கொண்டே, "என்ன சார், இன்னைக்கு எச்சில்ல என்ன விருந்து?" என்பேன். "போய் வேலையப் பாரு, வாயாடி" என்பார்.

என் வேலை ஒரு சலவைக் கடையின் கவுண்ட்டர். துணி கொண்டுவருகிறவர்களிடம் கறை எங்கே, என்ன கறை என்று கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும். ஜனங்கள் கறை விஷயத்தில் சொல்கிற பொய் வேறு எந்த விஷயத்திலும் சொல்ல மாட்டார்கள். எதற்கும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசிப் பேசியே எனக்கு வாய் நீண்டது என்று என் வீட்டில் சொல்வார்கள். நான் பிறக்கும்போதே அது அப்படித்தான் இருந்தது என்று என் அம்மா சொல்லுவாள்.

அந்த இருபத்திரண்டு வருஷத் திங்கட்கிழமைகளில் அவர் என்னென்ன செய்தார் என்று எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். அவருடைய சட்டம் ஒன்றுதான். ஏற்கெனவே வெந்ததை மறுபடி வேகவைக்கக் கூடாது, சூடு காட்டினால் போதும். ஒரு முறை நான் அவசரத்துக்கு ஒரு துண்டை வாணலியில் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டேன். செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. அதை அவர் மென்று முடித்துவிட்டு, நீ நல்லா சலவை பண்ணுவே என்றார்.

நூடுல்ஸ் மேல் கறியைப் புடவை மடிப்பு மாதிரி அடுக்கிவிட்டு, கொதிக்கிற எலும்பு சூப்பை மேலே ஊற்றுவார். ஊற்றுகிற சூட்டிலேயே கறி பதமாகிவிடும். ஓரத்துக் கொழுப்பை வெட்டிச் சட்டியில் உருக்கி, அதில் உருளைக்கிழங்கை மொறுமொறுவென்று வறுத்து, கறியைப் பொடியாக நறுக்கிக் கலந்து, தட்டையாகத் தட்டி, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றுவார். வெயில் காலத்தில் அடுப்பே பற்ற வைக்க மாட்டார். வெள்ளரி, பச்சை மிளகாய், புதினா, எலுமிச்சைச் சாறு, அதில் ஜில்லென்ற கறி. ஒரு திங்கட்கிழமை முட்டைக்கோஸ் இலையில் சுருட்டி வைத்திருந்தார். இன்னொன்றில் மாவுக்குள் வைத்துப் பொட்டலம் மாதிரி மடித்துச் சுட்டார். நல்லா வராத நாளும் உண்டு. தக்காளியில் ஒரு தரம் செய்தது வாயில் வைக்க விளங்கவில்லை. அதற்கும் அவருக்கு வருத்தம் கிடையாது. அடுத்த வாரம் தக்காளியைக் குறைத்துப் பார்க்கலாம் என்று சந்தோஷமாகவே இருந்தார். ஹோட்டலில் தப்புப் பண்ணக்கூட அவருக்கு உரிமை இல்லை, பாருங்கள்.

எங்கள் மகளுக்கு மூன்று வயதில் 'எச்சில்' என்றால் திங்கட்கிழமைச் சாப்பாடு. அதுதான் அந்தப் பதார்த்தத்தின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில், வீட்டில் உனக்கு என்ன பிடிக்கும் என்று டீச்சர் கேட்டதற்கு, எங்கப்பா எச்சில் ரொம்ப நல்லா செய்வாரு, நாங்க எல்லாரும் சாப்பிடுவோம் என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். என்ன கஷ்டம் வீட்டில், ஏதாவது உதவி வேண்டுமா என்று தணிந்த குரலில் விசாரித்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவரிடம் நடித்தே காட்டினேன். அவரும் சிரித்தார். கொஞ்சம் அடங்கிய சிரிப்புதான். அவர் சிரிப்பே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த வருஷம் ஹோட்டலுக்கு ஒரு புது மேனேஜரம்மா வந்தார். சுறுசுறுப்பானவர். பார்ட்டியில் மிஞ்சுகிற ஸ்டேக்கை வைத்து மறுநாள் மதியத்துக்குத் தனியாக ஒரு சின்ன மெனு போட்டால் என்ன என்று அவருக்கு யோசனை. செஃப் இரண்டு மூன்று விதமாகச் செய்து காட்டியிருக்கிறார். எதுவும் சரிப்படவில்லை. அப்போது சூப் மாஸ்டர், கிரில் அண்ணன் வீட்டில் ஒரு தரம் சாப்பிட்டிருக்கிறேன், இந்த விஷயத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை என்று போட்டு உடைத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து வருகிற திங்கட்கிழமை மதியம், செஃபையும் முதலாளியம்மாவையும் அழைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கே வந்து சாப்பிட்டுப் பார்ப்பதாக மேனேஜரம்மா சொல்லிவிட்டார். பிடித்துப்போனால் மூன்று பதார்த்தம் மெனு அட்டையில் ஏறும், அட்டையின் அடியில் இவர் பெயரும் ஏறும். மதியத்துக்கு இவருக்கென்று தனி அடுப்பு.

அன்று அவர் வீட்டுக்கு வந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டுமே. தலைகால் புரியவில்லை. ஒரு காலில் செருப்போடே உள்ளே வந்துவிட்டார். "பேரு போடுவாங்களாம்" என்று என்னிடம் மூன்று தரம் சொன்னார்.

அந்த மூன்று வாரமும் வீடு வீடாக இல்லை. எந்த மூன்று பதார்த்தம் என்று முடிவு பண்ணவே ஒரு வாரம் ஆனது. சூப் ஊற்றுகிறது ஒன்று, உருளைக்கிழங்குத் தட்டை ஒன்று, கடைசியாக அந்த வெங்காயக் கறி. வெங்காயத்தை அவர் எவ்வளவு வதக்கினார் என்றால் என் கவுண்ட்டரில் துணி கொடுக்க வந்தவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். கத்தியைத் தீட்டினார். தட்டுகளை மகளை விட்டு மாற்றி மாற்றி அடுக்கச் சொல்லித் தள்ளி நின்று பார்த்தார். நாற்காலி ஒன்று குறைந்தது, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். எல்லாவற்றையும் யோசித்த மனுஷன் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அந்தப் பதார்த்தங்களுக்குப் பெயர் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் அவற்றுக்குத் தனித்தனியாகப் பெயர் என்று எதுவும் இருந்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்.

வந்தார்கள். முதலாளியம்மா வயதானவர், அதிகம் பேசாதவர். சூப்பை ஊற்றியதும் கறி நிறம் மாறுவதைக் குனிந்து பார்த்தார். எத்தனை நிமிஷம் வைக்க வேண்டும், எந்தப் பக்கம் அரிய வேண்டும் என்று சரியான கேள்வியாகக் கேட்டார். இவர் திக்காமல் பதில் சொன்னார். வெளி ஆட்களிடம் இவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. உருளைக்கிழங்குத் தட்டையை மேனேஜரம்மா இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டார். செஃப்கூட, வாய் திறந்து பாராட்டாவிட்டாலும், தட்டைக் காலி பண்ணினார். வெங்காயக் கறியின் மூடியைத் திறந்தபோது மூன்று பேரும் ஒரே சமயத்தில் முன்னால் சாய்ந்தார்கள். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. என் புருஷன் ஜெயித்துவிட்டார் என்று தெரிந்துவிட்டது.

மேனேஜரம்மா நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, "இதுக்கு என்ன பேரு போடலாம்?" என்று கேட்டார்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பேச்சு வராத இடத்தில் எல்லாம் அவர் என்னைத்தான் பார்ப்பார். கடையில், ஆஸ்பத்திரியில், மகளைச் சேர்க்கப் போன பள்ளிக்கூடத்தில், எங்கேயும். நீ சொல்லேன் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. சந்தோஷம் தலைக்கேறியிருந்தது. வீட்டு ஆட்களோடு பேசுகிற மாதிரியே, ஒரு சிரிப்போடு சொன்னேன்:

"எங்க வீட்ல இதுக்கு எச்சில்னுதான் பேரு."

சிரித்தது நான் ஒருத்திதான்.

முதலாளியம்மா கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டின் ஓரமாக வைத்தார். சத்தமே வரவில்லை. இது எங்கிருந்து வந்த கறி என்று இவரைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கென்று ஹோட்டலிலிருந்து முறையாகக் கொடுத்தனுப்பிய கறிதான் அது. அதைச் சொல்லியிருந்தால் போதும். இவர் பதறிப்போய், கத்தி படாததும்மா, கத்தி படாதது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்கிறவர்களுக்கு அது என்ன புரியும்? நான் சும்மா இருந்தேனா? கெட்டதைச் சரிக்கட்டுகிறேன் பேர்வழி என்று குறுக்கே புகுந்தேன். தமாஷுக்குச் சொன்னேன், யாரும் தின்னது இல்லை, ஹோட்டலில் மிஞ்சுகிறதுதான், இருபது வருஷமாக அதைத்தான் கொண்டுவந்து சாப்பிடுகிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அடுக்கினேன். இருபது வருஷமா என்று மேனேஜரம்மா செஃபைப் பார்த்தார். இந்த செஃபுக்கும் அது தெரியும். பழைய செஃப் சொன்னதை இவரும் தொடர்ந்து அனுமதித்தவர்தான். அவர் சுவரில் எதையோ உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளியம்மா கோபப்படவில்லை. சமையல் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எழுந்து நின்று இவரிடம் சொன்னார். கையைக் கழுவிக்கொண்டு, என்னிடமும் சொல்லிக்கொண்டுதான் போனார். வாசல்வரை போன இவர் திரும்பி வந்தபோது மேஜையில் மூன்று தட்டு, மூன்றிலும் வெங்காயக் கறி பாதியில் கிடந்தது. அவர் வீட்டுக்குள் உண்மையாகவே எச்சில் வந்தது அன்றைக்குத்தான். நான் எடுக்கப் போனேன். இரு, நான் எடுக்கிறேன் என்று அவரே எடுத்துக் கொட்டி, அவரே தேய்த்துக் கழுவினார். பாத்திரம் கழுவுகிறதை அவர் மறந்திருக்கவில்லை.

மதிய மெனு யோசனை அதோடு போயிற்று. ஒரு வார்த்தை காதில் விழுந்த பிறகு அதை யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை. சாப்பிட வருகிறவர்களில் ஒருத்தர் வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டால் ஹோட்டல் என்ன ஆகும் என்று முதலாளியம்மா கேட்டாராம். நியாயமான கேள்விதான். சமையலறையிலிருந்து இனி எந்தச் சாப்பாடும் வெளியே போகக் கூடாது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். அதனால் மற்றவர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்ததும் நின்றது. சூப் மாஸ்டர் ஒரு மாதம் இவரோடு பேசவில்லை. இவர் மறுநாளே போய் அதே அடுப்புக்கு முன்னால் நின்றார். இன்னும் ஒன்பது வருஷம் நின்றார்.

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். திட்டட்டும், தட்டை வீசட்டும், ஒரு வாரம் பேசாமல் இருக்கட்டும், அப்புறம் நான் அழுது, மன்னிப்புக் கேட்டு, எல்லாம் ஒரு வழியாக முடியும் என்று நினைத்தேன். அவர் எப்போதும் போல் பேசினார். சாப்பிட்டார், தூங்கினார், மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். அடுத்த திங்கட்கிழமை ஒழுகுகிற குழாயைக் கழற்றிச் சரிபண்ணினார். அதற்கடுத்த திங்கட்கிழமை கதவுக்கு எண்ணெய் போட்டார். சமையலறைக்குள் தண்ணீர் குடிக்க மட்டும் வந்தார். நான்தான் சமைத்தேன். எதைப் போட்டாலும் நன்றாக இருக்கிறது என்றார். உப்பே போடாமல் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். அதையும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்.

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவில்லை. ஊரையே பேசித் தீர்க்கிற எனக்கு அந்த ஒரு பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆரம்பித்தால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அதை நான் அன்றிலிருந்து வாயில் எடுத்ததில்லை. இப்படியே பத்து வருஷம் ஓடிவிட்டது. மகள் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். போன வருஷம் அவரும் வேலையிலிருந்து நின்றுவிட்டார். நான் அரை நாள் மட்டும் கவுண்ட்டருக்குப் போகிறேன்.

போன மாதம் ஒரு யோசனை தோன்றியது. கறிக்கடையில் நல்ல தடிமனாக நாலு துண்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, அவர் ஹோட்டலில் சுடுவதைப் போலவே சுட்டுப் பார்த்தேன். சுமாராக வந்தது. ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம். மீதி இரண்டையும் முழுசாக, ஒரு கீறல் விழாமல் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தேன். வேண்டுமென்றே மிச்சம் பண்ணினேன். திங்கட்கிழமை காலையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஐந்து வெங்காயம் எடுத்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனேன். கவுண்ட்டரில் அன்று இரண்டு சீட்டைத் தப்பாக எழுதினேன். மனசெல்லாம் வீட்டிலேயே இருந்தது. தெருமுனை திரும்பும்போது வெங்காய வாசனை வருகிறதா என்று பார்த்தேன்.

வெங்காயம் வைத்த இடத்திலேயே இருந்தது. அவர் மேடைக்கு முன்னால் நின்றபடி, ஜில்லென்ற கறியை ரொட்டியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாருக்குக் குறுக்கே, காகிதம் மாதிரிதான் அரிந்திருந்தார். கை மறக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"இத வச்சு ஏதாவது செய்யக் கூடாதாங்க? அதுக்குன்னுதான் வச்சுட்டுப் போனேன்" என்றேன்.

தெரியும் என்றார். வெங்காயத்தைப் பார்த்ததுமே தெரிந்ததாம். கத்தியை எடுத்ததாகவும், கொஞ்ச நேரம் நின்று பார்த்ததாகவும், ஒன்றும் தோன்றவில்லை என்றும் சொன்னார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பத்து வருஷமாக வராத பேச்சு வந்துவிட்டது.

"தப்பு என்னுதுங்க. அன்னைக்கு அவங்க முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உங்க பேரு அட்டையில வந்திருக்கும். நான்தான் கெடுத்தேன்."

அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். மூட்டு வலி அவருக்கு. தரையில் உட்கார நேரம் பிடித்தது.

"அன்னைக்குச் சொன்னத நான் பெருசா எடுத்துக்கல. வாய் தவறி வந்துச்சு, அவ்வளவுதான்" என்றார். என்னைப் பார்க்காமல், தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்து யோசித்துச் சொன்னார். "அதுக்கு முன்னாடி வீட்ல சொல்லிட்டிருந்தியே, அதுதான். ஒவ்வொரு தடவையும் சுருக்குனு இருக்கும். நீங்க ரெண்டு பேரும் சிரிப்பீங்க. உங்க சிரிப்பக் கெடுக்க மனசு வரல. நானும் சிரிச்சிடுவேன். சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்புதான்."

சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். ஆறுதல் சொல்கிறாராம்.

பத்து வருஷமாக நான் ஒரே ஒரு நாளுக்காக வருந்திக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நாளை மட்டும் எப்படியாவது சரிபண்ணிவிட்டால் போதும் என்று இருந்தேன். அதற்கு முன்னாலிருந்த இருபத்திரண்டு வருஷத்தை எங்களுடைய சந்தோஷமான காலம் என்று மகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். காலையில் செருப்பு மாட்டும்போது நான் கேட்டதும், அவர் பதில் சொன்னதும், டீச்சர் கதையை நடித்துக் காட்டியதும் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருந்தன. இப்போது அந்தத் திங்கட்கிழமைகளை ஒவ்வொன்றாக நினைத்து, அவர் எந்த இடத்தில் சிரித்தார், எப்படிச் சிரித்தார் என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். எழுந்துபோய்க் கேட்டால், அதெல்லாம் ஒன்றுமில்லை என்பார்.